மிக்ஸி பெட்டியில் வந்த 58 கேசட்டுகள்: டி-சீரிஸ் மலிவு விலை நாடாக்கள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

மயூர் விகார் மாமாவும் மாமியும் சென்னையில் மகளோடு இருந்துகொள்வதென்று முடிவு செய்து டெல்லி வீட்டைக் காலி செய்த வாரம், என்னைக் கூப்பிட்டு மிக்ஸி வந்த அட்டைப் பெட்டி ஒன்றைக் கொடுத்தார்கள். "பாட்டு கேசட்டுடா. வேணும்னா எடுத்துக்கோ. இல்லேன்னா பழைய சாமான் வாங்கற கபாடிவாலாகிட்டதான் போகும்" என்றார் மாமா. சொந்த மாமா இல்லை. நேதாஜி நகர் அரசுக் குவார்ட்டர்ஸில் எங்களுக்கு மேல் வீடு. அந்தக் குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள். அவர்கள் வீட்டு டூ-இன்-ஒன்னில்தான் (ரேடியோவும் டேப் ரிக்கார்டரும் சேர்ந்த பெட்டி) நான் முதன்முதலாக ஒரு கேசட்டைச் சொருகி, பொத்தானை அமுக்கிப் பாட்டுக் கேட்டேன்.

வீட்டுக்கு வந்து தரையில் செய்தித்தாளை விரித்துக் கொட்டி எண்ணினேன். மொத்தம் 58. அதில் பழைய பெரிய இசைத்தட்டுக் கம்பெனியான எச்எம்வியுடையவை 9. சென்னை ரெக்கார்டிங் கடைகளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, காலி கேசட்டில் பதிந்து வாங்கியவை 11. சின்னச் சின்னக் கம்பெனிகளின் பஜனை, ஆரத்தி 7. மீதி 31 டி-சீரிஸ்.

பழைய இசைத்தட்டு, கேசட் சேர்ப்பவர்களிடம் இந்தப் பெட்டியைக் காட்டினால் முதலில் அந்த 9ஐ எடுப்பார்கள். அப்புறம் ரெக்கார்டிங் கடை கேசட்டுகளைப் புரட்டுவார்கள். 31ஐத் தொடவே மாட்டார்கள். "சல்லிசு சரக்கு" என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கிவிடுவார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் இருந்தேன். இந்தப் பெட்டியோடு மூன்று மாதம் உட்கார்ந்த பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது. ஏன் மாறியது என்பதைத்தான் எழுதுகிறேன்.

ஏன் 31?

மாமா மத்திய அரசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தவர். இரண்டு பிள்ளைகளின் பள்ளிச் செலவு, ஊருக்கு மணியார்டர், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஜிடி எக்ஸ்பிரஸ். பாட்டுக்கென்று ஒதுக்க அதிகம் இருக்காது. "எச்எம்வி ஒண்ணு வாங்கற காசுக்கு இதுல ரெண்டு வாங்கலாம்" என்றார். கணக்கு அவ்வளவுதான். செங்கோட்டைக்கு எதிரே லாஜ்பத் ராய் மார்க்கெட்டில் சம்பள நாளுக்கு அடுத்த சனிக்கிழமை வாங்குவாராம். சில கேசட்டுகளைக் காலனி மளிகைக் கடையிலேயே வாங்கியிருக்கிறார். பாட்டுக் கடைக்கே போக வேண்டாம். வெற்றிலைக் கடை, மளிகைக் கடை, பஸ் நிலையம் என்று எல்லா இடத்திலும் கேசட்டைத் தொங்கவிட்டதுதான் டி-சீரிஸ் செய்த முதல் பெரிய காரியம்.

அதற்கு முன்னால் நிலைமை வேறு. இந்தியாவில் திரைப்பாட்டு இசைத்தட்டு என்றால் கல்கத்தா டம்டம் ஆலையிலிருந்து வரும் எச்எம்விதான். 1970களில் பாலிடோர் வந்தது, அப்புறம் இன்ரெகோ போன்றவையும் இருந்தன. ஆனாலும் பழைய பாட்டுகளின் பெரும் களஞ்சியம் எச்எம்வி கையில்தான். தட்டு வாங்குவதற்கு முன்னால் தட்டு சுழற்றும் பெட்டி வேண்டும். நேதாஜி நகரில் எங்கள் வரிசையில் அது ஒரே ஒரு வீட்டில் இருந்தது.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய சின்னக் கேசட், 1970களின் கடைசியில் வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பியவர்களின் டூ-இன்-ஒன்களோடு நம் வீடுகளுக்குள் நுழைந்தது. தட்டு அச்சடிக்க ஆலை வேண்டும், பெரிய முதல் வேண்டும். கேசட்டில் பிரதி எடுக்க ஓர் அறையும் சில இயந்திரங்களும் போதும். இந்த வித்தியாசத்தை வியாபாரமாகப் பார்த்தவர்கள் பலர். பெரிதாகச் செய்து காட்டியவர் குல்ஷன் குமார்.

பிரிவினையில் டெல்லிக்கு வந்த பஞ்சாபிக் குடும்பம். அப்பாவுக்குத் தரியாகஞ்சில் பழச்சாறு கடை. மகனும் அங்கேதான் நின்றார். பின்னர் குடும்பம் இசைத்தட்டும் கேசட்டும் விற்கும் கடை ஒன்றை எடுத்தது. 1983இல் சூப்பர் கேசட்ஸ் இண்டஸ்ட்ரீஸ் தொடங்கியது. அதன் இசைப் பெயர்தான் டி-சீரிஸ்; அந்த 'டி' சிவனின் திரிசூலத்தைக் குறிக்கும் என்பார்கள். நொய்டாவில் ஆலை. மாமா பின்னாளில் குடிபோன மயூர் விகாரிலிருந்து எல்லையைத் தாண்டினால் நொய்டாதான். அவர் பெட்டியில் இருந்த 31இல் பெரும்பாலானவை மொத்த வாழ்நாளில் பயணம் செய்த தூரம் ஒரு பஸ் டிக்கெட் அளவுதான்.

விலை எப்படிக் குறைந்தது? காலி கேசட்டையும் அவர்களே செய்தார்கள். ஒரு கேசட்டில் கிடைக்கும் லாபத்தைச் சிறிதாக வைத்து, எண்ணிக்கையைப் பெரிதாக வைத்தார்கள். ஆரத்தி, சாலிசா, பஜனை போன்ற பழைய பக்திப் பாடல்களின் சொற்களுக்கு யாருக்கும் உரிமைத் தொகை கொடுக்க வேண்டியதில்லை. போஜ்புரி, கட்வாலி என்று பெரிய கம்பெனிகள் அதிகம் எட்டிப் பார்க்காத மொழிகளில் பாட்டுப் போட்டார்கள்.

பெட்டியில் மிக அதிகமாகத் தேய்ந்திருப்பது ஹனுமான் சாலிசா. மாமி காலையில் சுப்ரபாதம் முடிந்ததும் இதைப் போடுவார். பாடியிருப்பவர் ஹரிஹரன், மும்பையில் வளர்ந்த தமிழர். "நம்ம பையன் எவ்வளவு சுத்தமா அவதி சொல்றான் பாரு" என்று மாமி சொன்னது எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. அவதி என்பது சாலிசா எழுதப்பட்ட வட இந்திய மொழி. அதே பதிவைத்தான் 2011இல் யூடியூபில் ஏற்றினார்கள். அது பார்க்கப்பட்ட எண்ணிக்கை இன்று நூறு கோடிகளில். டெல்லிச் சமையலறைகளில் தேய்ந்த ஒரு மலிவு கேசட்டின் இரண்டாவது பிறவி அது.

வேறு குரலில் அதே பாட்டு

31இல் 14 கேசட்டுகள் 'யாதேன்' வரிசையைச் சேர்ந்தவை. ரஃபி நினைவாக, கிஷோர் நினைவாக, முகேஷ் நினைவாக என்று அந்தப் பழைய இந்திப் பாடகர்களின் பாட்டுகளைப் புதிய பாடகர்களைக் கொண்டு மறுபடி பாடவைத்துப் போட்டவை. சேர்ப்பவர்களின் ஏளனம் முழுக்க இவற்றின் மேல்தான். "போலி" என்பார்கள்.

போலி இல்லை என்பது என் முடிவு. இதற்கு ஒரு சட்ட அடிப்படை இருந்தது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஜெ) பிரிவு, ஒரு பாட்டு ஏற்கெனவே உரிமையாளரின் சம்மதத்தோடு இசைத்தட்டாக வந்திருந்தால், முறைப்படி அறிவிப்புக் கொடுத்து, உரிமைத் தொகை செலுத்தி, வேறொருவர் அதைப் புதிதாகப் பதிந்து வெளியிடலாம் என்றது. எச்எம்வியின் பதிவைப் பிரதி எடுத்தால் அது திருட்டு. அதே பாட்டை வேறு ஆளைப் பாடவைத்து, வேறு வாத்தியக்காரர்களை வைத்துப் பதிந்தால் அது 'வெர்ஷன்'. மூலப் பதிவுகள் எச்எம்வியிடம் இருந்தபோது பழைய பாட்டுச் சந்தைக்குள் நுழைய இதுதான் கதவு.

அந்தக் கதவு வழியாக யார் வந்தார்கள் என்று பாருங்கள். கிஷோர் பாட்டுகளைப் பாடிய குமார் சானு, 1990இல் வந்த 'ஆஷிகி' படத்துக்குப் பிறகு ஐந்து வருஷம் தொடர்ந்து ஃபிலிம்ஃபேர் விருது வாங்கினார். ரஃபி பாட்டுகளைப் பாடிய சோனு நிகாம், டெல்லியில் அப்பாவோடு கல்யாண மேடைகளில் பாடி வளர்ந்த பையன். 18 வயதில் பம்பாய் போனவர். பெட்டியில் இருக்கும் அவருடைய 'ரஃபி கி யாதேன்' மூன்றையும் நிதானமாகக் கேட்டேன். வாத்தியம் மெலிசுதான். மூலத்தில் ஒரு வரிசை வயலின் எழும் இடத்தில் இங்கே ஒரு கீபோர்டு. ஆனால் குரல்? ஒரு சங்கதியில் ரஃபியைப் போலவே இறங்கி, அடுத்த தடவை அதே இடத்தில் கொஞ்சம் தயங்கி, தன் வழியில் இறங்கிப் பார்க்கிறான் பையன். ஒரு பாடகர் உருவாவதை இவ்வளவு கிட்டத்தில் கேட்க வேறு இடம் எனக்குத் தெரியவில்லை. பெரிய கம்பெனி வாய்ப்புக் கொடுத்திருந்தால் இந்தத் தயக்கத்தைத் தேய்த்து மெருகேற்றி, தெரியாமல் ஆக்கியிருப்பார்கள்.

ஒரே படம், இரண்டு கேசட்

1994இல் 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' வந்தது. பாட்டுரிமை எச்எம்வியுடையது. டெல்லித் தமிழர் வீடுகளில் அந்தக் கேசட் வாங்கப்பட்டதற்கு ஒரே காரணம் சல்மான் கானோ மாதுரி தீட்சித்தோ இல்லை, எஸ்.பி.பி. 'ஏக் தூஜே கே லியே', 'மைனே பியார் கியா' என்று பாலு இந்தியில் பாடும்போதெல்லாம் கரோல் பாக் முதல் ஜனக்புரி வரை நம் ஆட்களுக்கு ஒரு தனிப் பெருமிதம்.

டி-சீரிஸ் அதே பாட்டுகளை வேறு குரல்களில் வெளியிட்டது. அப்போதைய 52(1)(ஜெ) பிரிவில் காத்திருப்புக் காலம் எதுவும் இல்லை. மூலம் வந்த சூட்டோடு வெர்ஷனும் வரலாம். சிக்கல் பாட்டில் இல்லை, அட்டையில் வந்தது. ஏறக்குறைய அதே தலைப்பு, அதே நட்சத்திரங்களின் படம். எச்எம்வியை நடத்திய கிராமபோன் கம்பெனி டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 1995ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் இடம்பெற்ற அந்தத் தீர்ப்பு, அட்டையின் தோற்றம் மூலத்தைப் போல இருக்கக் கூடாது என்றது. படத்தின் பெயரைப் போடுவதானால், இது படத்தின் மூல ஒலிப்பதிவு இல்லை, வேறு பாடகர்களின் குரலில் வந்த வெர்ஷன் என்று பெரிய எழுத்தில் சொல்ல வேண்டும் என்றும் சொன்னது.

சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். வேறு குரலில் பாடுவது ஒன்று. வாங்குகிறவர் அதை இன்னொன்று என்று நினைத்துக் காசு கொடுப்பது வேறு. சட்டமும் அந்தத் திசையில்தான் நகர்ந்தது. 1995 மே மாதம் நடைமுறைக்கு வந்த திருத்தம் இரண்டு ஆண்டுக் காத்திருப்பைக் கொண்டுவந்தது. வாங்குபவரைக் குழப்பும் உறையும் லேபிளும் கூடாது என்று எழுதியே வைத்தது. 2012இல் அந்தப் பிரிவே போய், 31சி என்ற பிரிவு வந்தது. காத்திருப்பு ஐந்து ஆண்டு, குறைந்தபட்சம் 50,000 பிரதிகளுக்கான உரிமைத் தொகை. மாமா காலத்து மலிவு வெர்ஷனுக்கு அதோடு கதவு சாத்தப்பட்டது.

இந்தப் படத்துக்கு மாமா வீட்டில் இரண்டு கேசட்டும் இருந்தன. எச்எம்வியும் உண்டு, டி-சீரிஸ் வெர்ஷனும் உண்டு. அவரிடம் கேட்டேன்: "தெரியாம வாங்கிட்டீங்களா மாமா?"

"தெரியாம என்ன? கடைக்காரனே சொல்லிட்டுதான் கொடுத்தான். பாலு கேசட்டு எனக்கு. அதை எடுத்து யாரும் தேய்க்கக் கூடாது. இது காலனிப் பிள்ளைகள் தீபாவளி மேளாவுக்கு ஆடறதுக்கு. ஒரே பாட்டை அம்பது தடவை ரீவைண்ட் பண்ணுவா. போனாப் போறது, சல்லிசுதானே."

இதைக் கேட்டதும் எனக்குப் பல விஷயம் விளங்கியது. மலிவு கேசட்டை வாங்கியவர்கள் ஏமாந்தவர்கள் என்பது நாம் பின்னால் கட்டிய கதை. மாமாவைப் போல விவரமாக வாங்கியவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். பாதுகாக்க ஒன்று, தேய்க்க ஒன்று. தேய்ப்பதற்காக வாங்கியது தேய்ந்து, குப்பைக்குப் போனது. இன்று எச்எம்வி பிரதி சுலபமாகக் கிடைக்கிறது; மேளாவுக்கு ஆடிய கேசட் நல்ல நிலையில் கிடைப்பதில்லை.

மாமாவின் வெர்ஷன் பிரதியில் உள்ளே மடித்து வைக்கும் இன்லே கார்டு இல்லை. தீர்ப்புக்கு முன்னால் அச்சானதா, பின்னால் அச்சானதா என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்த அட்டைதான். அதனால் யாரிடம் மலிவு கேசட் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, "அட்டை இருக்கா?" நாடா அறுந்தால் ஒட்டலாம், ஓடு உடைந்தால் மாற்றலாம், அட்டை போனால் போனதுதான்.

அட்டையில் இன்னொரு உபயோகமும் உண்டு. கேசட் திருட்டைத் தடுக்க 1984இல் சட்டத்தில் 52ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். பதிவைச் செய்தவரின் பெயர், முகவரி, உரிமையாளரின் பெயர், முகவரி, முதலில் வெளியான ஆண்டு, எல்லாவற்றையும் அட்டையில் போட வேண்டும். போலீசுக்காகக் கொண்டுவந்த விதி, இன்று நமக்குப் பஞ்சாங்கம். பொடி எழுத்தில் இருக்கும் அந்த வரியைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துத்தான் 31ஐயும் வருஷவாரியாக அடுக்கினேன். ஒரு எச்சரிக்கை: அது பதிவு வெளியான வருஷம், கையில் இருக்கும் பிரதி அச்சான வருஷம் இல்லை. நன்றாக விற்ற கேசட்டைப் பல வருஷம் அதே அட்டையோடு அடித்துக்கொண்டே இருப்பார்கள்.

டி-சீரிஸ் எல்பி தட்டுகளும் போட்டது என்பது பலருக்குத் தெரியாது. 1988இல் 'கயாமத் சே கயாமத் தக்' அவர்களைத் திரைப்பாட்டில் பெரிய இடத்துக்குக் கொண்டுபோனது. 'ஆஷிகி' சுமார் 2 கோடி பிரதிகள் விற்றதாகச் சொல்லப்படுகிறது, எல்லாம் கேசட் புண்ணியம். அதே ஆஷிகி எல்பியாகவும் வந்தது. இந்தியாவில் தட்டுக் காலம் முடிந்துகொண்டிருந்த நேரம் என்பதால் தேடுபவர்கள் அதிகம், தட்டு குறைவு. ஜமா மசூதிக்குப் பக்கத்தில் மீனா பஜாரில் இருக்கும் ஷா மியூசிக் சென்டர் போன்ற பழைய தட்டுக் கடைகளில் இந்தக் காலத்து எல்பியைப் பற்றி விசாரித்தால் கடைக்காரர் முகம் மாறுவதைப் பார்க்கலாம். தட்டின் கதைக்கு நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் கேசட்டுக்குத் திரும்புகிறேன்.

இருபத்தேழாவது கேசட்

ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டு வந்தபோது 27ஆவதாகக் கையில் வந்தது ஒரு 'கிஷோர் கி யாதேன்'. அட்டை கன கச்சிதம், மடிப்புக்கூட விடவில்லை. நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. டெல்லியில் ஆடி, ஆவணிப் புழுக்கத்தில் பரணில் கிடந்தால் இப்படித்தான் ஆகும். நாடாவை டேப் ரிக்கார்டரின் தலைப்பகுதியோடு அழுத்திப் பிடிக்கும் சின்ன ஃபெல்ட் பட்டை, பசை காய்ந்து உள்ளே விழுந்து கிடந்தது. அது இல்லாவிட்டால் பாட்டு மங்கலாக, தூரத்திலிருந்து வருவது போலக் கேட்கும்.

ஓட்டின் மேல் விளிம்பைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். பதிவை அழிக்காமல் இருக்கக் கம்பெனியே உடைத்து அனுப்பும் இரண்டு குழிகளிலும் செல்லோ டேப் ஒட்டியிருந்தது. அதாவது, யாரோ இதன் மேல் வேறெதையோ பதிந்திருக்கிறார்கள். சேர்ப்பவர் கணக்கில் இதன் மதிப்பு அந்த நிமிஷமே பூஜ்யம்.

பெட்டியில் இருந்தவற்றைப் போலவே இதுவும் ஸ்க்ரூ இல்லாத, இரண்டு பாதியையும் சூட்டில் ஒட்டிய ஓடு. ஐந்து ஸ்க்ரூ வைத்த காலி கேசட் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டேன். மொட்டை மாடியில், மூக்கில் துணி கட்டிக்கொண்டு, பழைய ஓட்டின் இணைப்பில் கத்தி முனையை வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டினேன். நாலாவது தட்டில் பிளந்தது. இரண்டு சக்கரத்தையும் நாடா கலையாமல் ஒரே தூக்கில் தூக்கி, புது ஓட்டில் வைத்து, ஓர உருளைகள் வழியாக நாடாவை இழுத்துவிட்டேன். நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை. கை நடுங்கினால் முறுக்கிக்கொள்ளும். ஸ்க்ரூவை முடுக்கும் முன் ஷேவிங் பிரஷ்ஷால் பூஞ்சையைத் தட்டிவிட்டேன். அப்புறம் நடராஜ் பென்சிலைச் சொருகி, கையாலேயே ஒரு முறை முழுதாக முன்னும் பின்னும் சுற்றினேன். எடுத்த எடுப்பில் இயந்திரத்தில் போட்டால் ஒட்டிக்கொண்டிருக்கும் நாடா அறுந்துவிடும்.

ஏ பக்கம். கிஷோரும் இல்லை, குமார் சானுவும் இல்லை. மாமாவின் இளம் குரல். "அம்மா, நமஸ்காரம். இங்க எல்லாரும் சௌக்கியம். குளிர் ஆரம்பிச்சுடுத்து, ரஜாய் வாங்கியாச்சு." எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு, நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமத்துக்கு அனுப்பிய கேசட் கடிதம். பெண் பள்ளியில் சேர்ந்தது, பால் விலை, வரப்போகும் லீவு, எல்லாம் நிதானமாகச் சொல்கிறார். பின்னணியில் குக்கர் இரண்டு விசில் அடிக்கிறது.

பி பக்கத்தில் பதில். ஊரில் பக்கத்து வீட்டு டேப் ரிக்கார்டரில் பதிந்திருக்க வேண்டும். பாட்டி இரண்டு வார்த்தை பேசிவிட்டு நிறுத்துகிறார். இயந்திரம் திரும்பப் பேசும் என்று காத்திருக்கிறார் போல. "கேக்கறதாடா?" என்கிறார். யாரோ ஒரு பையன், "பாட்டி, நிறுத்தாம பேசிண்டே இருங்கோ" என்று சொல்லிக்கொடுக்கிறான். அப்புறம் பத்து நிமிஷம் தென்னை மரம், மாட்டுக் கன்று, மூட்டு வலி. கடைசியில் "வச்சுடட்டா?" என்று கேட்டு, பதிலுக்குக் கொஞ்ச நேரம் பொறுக்கிறார். ஒரு 'டக்'. அடுத்த நொடி, ஒரு சரணத்தின் நடுவிலிருந்து குமார் சானு பாட ஆரம்பிக்கிறார். பக்கம் முடியும்வரை அவர்தான்.

கணினியில் ஏற்றி அன்றிரவே மாமாவுக்கு அனுப்பினேன். மறுநாள் மத்தியானம்வரை பதில் இல்லை. அப்புறம் அவரே கூப்பிட்டார். புது காலி கேசட் வாங்க வேண்டாம் என்றுதான் கேட்டுக் கேட்டு அலுத்த ஒன்றை எடுத்தாராம். கேட்டுவிட்டு அம்மா அதிலேயே பதில் பேசி, ஊருக்கு வந்த சொந்தக்காரர் கையில் திருப்பிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

"அந்தக் கேசட்டை மட்டும் அனுப்பிடுடா" என்றார். "அட்டை உங்கிட்டயே இருக்கட்டும். உனக்கு வருஷம் பார்க்கணுமே."

அட்டை என்னிடம் இருக்கிறது, அதன் வருஷ வரிசையில். கேசட்டைப் புது ஓட்டோடு பஞ்சு சுற்றிச் சென்னைக்கு அனுப்பினேன். கூடவே ஒரு நடராஜ் பென்சிலும் வைத்தேன்.